கொலனிக்காரியின் குழை

ஈர விறகு புகைகிற மணம். காய்ந்த விறகின் மணம் வேறு. அது பசியைக் கிளப்பும். ஈர விறகு முதலில் கண்ணைக் கிளப்பும், பிறகு தொண்டையை, பிறகு எங்கேயோ மறந்து கிடக்கிற ஒரு காலைப் பொழுதை. ரொறன்ரோவின் வடக்கு விளிம்பில், பழைய காலத்துப் பண்ணை ஒன்றை அப்படியே வைத்துக் காட்டுகிற இடத்தில், மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டின் வாசலில் அந்த மணம் என்னைப் பிடித்து நிறுத்தியது. எனக்குப் பின்னால் முதியோர் சங்கத்து ஆட்கள், பஸ்ஸால் இறங்கிய கால் வலியைப் பற்றிக் கதைத்தபடி. எனக்கு முன்னால் என் சின்னம்மா, தடியை ஊன்றிக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி.

“உது ஈர விறகு,” என்றார்.

அந்த வாரத்தில் அவர் தானாக என் முகம் பார்த்துச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை. எழுபதைத் தாண்டியவர். விசிட் விசாவில் வந்து, அகதிக் கேஸ் கொடுத்து, அலைந்து, நிரந்தரவாசி கார்ட் எடுத்து, ஸ்காபரோ மல்வேர்னில் என் ரவுன்ஹவுசின் கீழறையில் பல வருடங்களாக இருந்தார். என்னோடு கோபம். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, லின்ட்சே பக்கம் அவருடைய பழைய கூட்டாளி ஒருத்தி இருக்கிறார். கூட்டாளியின் மகன் அங்கே ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து, பொலித்தீன் கூடாரம் போட்டு, மிளகாயும் கத்தரியும் வெண்டியும் வளர்த்து ஸ்காபரோத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகனும் மருமகளும் பகலில் வேலைக்குப் போய்விட, கூட்டாளி தனியே செடிகளோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். “நீ வா, ரெண்டு பேருமா நிண்டு செய்வம்,” என்று அவர் கேட்டிருக்கிறார். சின்னம்மா எனக்கு அதைச் சொன்னபோது அவருடைய பெட்டி ஏற்கனவே கட்டிலுக்கு மேலே ஏறியிருந்தது.

நான் மறித்தேன். முழங்கால் என்றேன். பனி என்றேன். ஆஸ்பத்திரி தூரம், பஸ் இல்லை என்றேன். கடைசியாக, அங்கே தமிழ்ப் பூசை இல்லை என்றேன். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். அதற்கு மட்டும் பதில் வந்தது. அந்த நாளில் கொலனியில் மட்டும் பூசை இருந்ததா என்று கேட்டார். பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணி வந்தது, சோறு வந்தது, கதை வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் ஒரு இடத்தில் இருக்கத் தெரியாதவள். இந்த நகரத்தில் வீடு மாறி, வேலை மாறி, மார்க்கம் நகருக்குப் போய்த் திரும்பி, பிறம்ரனில் ஒரு வருடம் மூச்சு முட்டி, மல்வேர்னுக்கு வந்தவள். கால்களில் எப்போதும் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற எனக்கு ஒரு ஆள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. நான் கதவைத் திறக்கும்போது கீழறையில் செபமாலை உருளும் சத்தம் கேட்க வேண்டியிருந்தது. அதைத்தான் நான் முழங்கால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சங்கத்துக்காரர் இலையுதிர்காலச் சுற்றுலா என்று இந்த இடத்தைத் தெரிவு செய்திருந்தார்கள். வழக்கமாக மொழிபெயர்க்க வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனையாம். அந்த இடத்துக்கு நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் சின்னம்மா எனக்குப் பக்கத்தில் இருக்காமல், இரண்டு சீற் தள்ளி ஒரு அங்கிளின் அருகில் போய் இருந்தார். அந்த அங்கிள் யாழ்ப்பாண நகரத்துக்காரர், வாய் சும்மா இராதவர். கொலனிக்காரருக்குக் கனடா வந்தும் காட்டைக் கண்டால்தான் சந்தோசம் என்று அவர் சொன்னதும், நகரத்துக்காரருக்குக் காட்டைக் கண்டால் வயிற்றைக் கலக்கும் என்று சின்னம்மா திருப்பிக் கொடுத்ததும், எனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்த குரலில் நடந்தன.

கொலனி. அந்தச் சொல்லை நான் இங்கே விளங்கப்படுத்தித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நடந்த எல்லாம் அந்தச் சொல்லில் சறுக்கித்தான் நடந்தன. இலங்கையில் எங்கள் பக்கத்தில் கொலனி என்றால் குடியேற்றத் திட்டம். வன்னிக் காட்டை வெட்டி, அரசாங்கம் காணி பிரித்துக் கொடுத்த இடம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பெட்டைகளுக்கும் ஒரு காலம் அப்படிக் கொடுத்தார்கள். சின்னம்மா அப்போது இருபது வயது தாண்டாதவர். தீவுப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். கடலைத் தவிர வேறொன்றும் அறியாத வீடு. காட்டுக்குப் போகிறவளை ஆர் கட்டுவான் என்று மாமன்மார் கேட்டார்கள். கட்டுகிறவன் காட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு, அண்ணனின் சேட் ஒன்றைத் தன் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு லொறியில் ஏறினாராம். கட்டுகிறவன் வரவேயில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததுமில்லை.

அப்பா செத்த பிறகு அம்மா என்னை அவரிடம் அனுப்பினார். சின்னப் பிள்ளையாக நான் அங்கே போய் இறங்கியபோது அவர் வெட்டிச் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. பச்சை மரம் கெதியில் எரிந்து முடியாது. நாட்கணக்கில் உள்ளுக்குள் கனன்று, மேலே புகையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். அந்த மணம் என் தலைமயிரில், கொப்பிகளில், சோற்றில் இருந்தது. அவருடைய ஓலைக் கொட்டிலில் நான் சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல வரவில்லை. சாமத்தில் யானை பயம், பகலில் காய்ச்சல் பயம், எப்போதும் அம்மாவைத் தேடும். ஆனால் என் பள்ளிக்கூட உடுப்பு வெள்ளையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் காணிக் கிணற்றில் தண்ணீர் செம்மண் நிறம். அதில் தோய்த்தால் வெள்ளைச் சட்டை தேத்தண்ணி வடித்த துணி மாதிரி ஆகிவிடும். சின்னம்மா காலையில் மிளகாய்ப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு, என் ஒற்றைச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காட்டுப் பாதையால் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பார். அங்கே பழைய ஊர் இருந்தது. கொலனி வருவதற்கு எவ்வளவோ முந்திய ஊர். அங்கே ஒரு நல்லதண்ணிக் கிணறு. அந்தக் கிணற்றுக்காரி எங்களைத் தண்ணீர் அள்ள விட்டவர். ஆனால் விட்ட விதம் இருக்கிறதே, அதை மரக்குற்றி வீட்டுக்குள் போன பிறகு சொல்கிறேன்.

மரக்குற்றி வீட்டுக்குள், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல, ஒரு இளம்பெண் நின்றாள். தலையில் முக்காடு மாதிரி வெள்ளைத் தொப்பி, தரையைத் தொடும் பாவாடை, முன்னால் கட்டிய துணி. அடுப்படியில் அவள் மூட்டிய நெருப்புத்தான் வாசல்வரை புகைத்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்த பெண்ணின் வாழ்க்கையை அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். மரம் தறித்தது, அடிக்கட்டைகளுக்கு இடையிலேயே விதை தூவியது, முதல் பனிக்காலத்தில் மாவு முடிந்துபோனது. சங்கத்து அன்ரிமார் வெண்ணெய் கடைகிற மரச் சாடியைக் கண்டார்கள். உது எங்கடை வீட்டு மத்துத்தானே, உதைப் பார்க்கவா ரிக்கற் எடுத்தது என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள். நல்ல பிள்ளை.

சின்னம்மா சிரிக்கவில்லை. அந்தச் சாம்பலையும் சட்டியையும் கோடரியையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தடியால் என் காலணியைத் தட்டினார்.

“சொல்லு பிள்ளை, நானும் கொலனிக்காரிதான் எண்டு.”

நான் யோசிக்கவில்லை. மொழிபெயர்க்கிறவளுக்கு வேகம் வந்துவிட்டால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் வரும். ‘ஷீ இஸ் எ கொலனிஸ்ற், ரூ’ என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தவர் நிலத்தைப் பிடித்துக் குடியேறியவர் என்கிற அந்தச் சொல் இந்த நாட்டில் இப்போது எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியாததல்ல. கூட்டம் தொடங்க முதல், பள்ளிக்கூடத்தில் காலையில், எங்கும் எங்கும் இது முந்தி எந்தப் பூர்வகுடியின் நிலம் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பெண்ணின் முகம் முதலில் வெளிறி, பிறகு சிவந்தது; அவள் பார்வை பருத்திச் சேலையும் குளிர் ஜக்கெற்றும் போட்டு நின்ற என் சின்னம்மாவில் போய் நின்றது. ஆங்கிலம் தெரிந்த அந்த நகரத்து அங்கிள் இருமல் வரும்வரை சிரித்தார்.

“அக்கா, உங்களை இந்தப் பிள்ளை ஒரு சொல்லிலை வெள்ளைக்காரியாக்கிப்போட்டுது.”

நான் அவசர அவசரமாக விளங்கப்படுத்தினேன். கொலனி என்றால் எங்கள் ஊரில் வேறு, அரசாங்கம் காடு கொடுத்தது, இவர் ஒரு பெண்ணாகத் தனியே போய் வெட்டித் திருத்தினார். அந்தப் பெண் மூச்சு விட்டாள். பிறகு, என்னிடம் அல்ல, நேரே சின்னம்மாவைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்: இந்த வீட்டுக்காரி வருவதற்கு முந்தியும் இங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வேட்டைக்கும் மீனுக்கும் போய்வந்த வழியில்தான் இந்த வீடு நிற்கிறது. நான் தினமும் இதைச் சொல்கிறேன், கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு வெண்ணெய்ச் சாடிக்குப் போய்விடுகிறார்கள்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முதல் சின்னம்மா கேட்டார்.

“அவையிட்டைக் கேட்டவையோ?”

கேட்கவில்லை என்றாள் அந்தப் பெண். ஒப்பந்தக் கடதாசிகள் இருந்தன, கேட்டது என்று சொல்ல முடியாது. சின்னம்மா தலையாட்டினார். எங்களுக்கும் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கடதாசிதான் தந்தார்கள் என்றார்.

அப்போதுதான் எனக்குக் கிணற்றுக்காரி ஞாபகம் வந்தார். காணி கிடைத்த முதல் கிழமை சின்னம்மாவும் இதே லின்ட்சேக் கூட்டாளியும் குடத்தோடு அந்தக் கிணற்றுக்குப் போனபோது அவர் கயிற்றைக் கொடுக்கவில்லையாம். காட்டுக்குள் வரும்போது குழை முறித்துப் போட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டாராம். வன்னியில் அது வழக்கம். காட்டுக்குள் கால் வைக்க முதல் ஒரு பச்சைக் குழையை, இலையோடு சின்னக் கிளையை, முறித்து, வழியில் இருக்கிற மரத்தடிக் கல்லில் பிள்ளையாருக்கு என்று போட்டுவிட்டுத்தான் போவார்கள். இவர்கள் அறியாதவர்கள். அதுவும் வேதக்காரப் பெட்டைகள். திரும்பப் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள், பிறகு அள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார் அந்த மனுசி. இரண்டு பேரும் வெறுங்குடத்தோடு திரும்பி நடந்து, முறித்துப் போட்டுவிட்டு வந்தார்கள். கயிறு கிடைத்தது. அதன் பிறகு அந்தக் கிணறு ஒருநாளும் எங்களுக்கு மறிக்கப்படவில்லை. என் சட்டை வெள்ளையாக இருந்தது.

பின்னாளில், சட்டையைத் தோய்க்க அவரோடு நானும் நடந்த ஒருநாள், மாதாவைக் கும்பிடுகிற நாங்கள் பிள்ளையாருக்கு ஏன் குழை போடுகிறோம் என்று கேட்டேன். அவர் யோசிக்கவுமில்லை.

“மாதாவுக்கு உந்தக் காடு தெரியாது பிள்ளை. பிள்ளையார் இஞ்சத்தை ஆள். ஆரின்ரையும் வீட்டு வளவுக்குள்ளை படலையிலை நிண்டு கூப்பிடாமல் போறதே?”

மரக்குற்றி வீட்டில் கடைசியாக அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். வருகிற எல்லோரிடமும் கேட்பாளாம். இந்த வேலை, இந்தக் குளிர், இந்தத் தனிமை எல்லாம் தெரிந்த பிறகும், ஆராவது இப்படி ஒரு வாழ்க்கைக்குத் திரும்பிப் போவீர்களா? நான் தமிழில் கேட்டேன். அன்ரிமார் சேர்ந்து வேண்டாம் என்றார்கள். ஹீற்றர் இருந்தால் வருவன் என்றார் அங்கிள்.

“நான் போவன்,” என்றார் சின்னம்மா. “முழங்கால் நோகும். நோகட்டும். இருந்தாலும் நோகுதுதானே. எனக்குக் காலமை கண் முழிச்சா, ஏதோ ஒண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும்.”

சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

தமிழ் எவ்வளவு பாதுகாப்பான மொழி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்தவருடைய ஆசையைத் தமிழில் காவிக்கொண்டு போவதென்றால் நுனியில் ஒரு ‘ஆம்’ போட்டால் போதும். போவாவாம். நோகட்டுமாம். அந்த ‘ஆம்’ஐப் பிடித்துக்கொண்டு நான் தள்ளி நிற்கலாம், அது என் கையில் ஒட்டாது. மொழிபெயர்க்கிறவளுக்கு ஆங்கிலத்தில் அது இல்லை. முதலில் ‘ஷீ’ என்று சொல்லிச் சறுக்கியவள், இந்த முறை அவர் சொன்னபடியே சொன்னேன். அவர் சொன்ன ‘நான்’ என் வாயில் ‘நான்’ ஆகத்தான் வந்தது. நான் போவேன். நான் கண் விழிக்கும்போது ஏதோ ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்நிய மொழியில், புகைக்குள், ஆட்களுக்கு முன்னால் அதைச் சொல்லி முடித்தபோது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் புகைக்காக மன்னிப்புக் கேட்டாள். விறகு ஈரம் என்றாள். அதைத்தான் இவரும் சொன்னார் என்றேன்.

வெளியே மேப்பிள் மரங்களுக்கு நடுவே பஸ்ஸுக்குப் போகிற பாதை. சின்னம்மா நின்றார். தடியை என்னிடம் தந்துவிட்டு, கைக்கு எட்டிய கிளையில் சிவந்த இலையோடு ஒரு குழையை முறித்தார். பின்னால் வந்த அந்தப் பெண், இங்கே செடிகொடிகளை முறிக்கக்கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்; அது அவளுடைய வேலை. ஏன் முறிக்கிறார் என்றும் கேட்டாள். உள்ளே வரும்போது போட மறந்துவிட்டேன், போகும்போதாவது போடுகிறேன் என்று சின்னம்மா சொன்னதை நான் சொன்னேன். வழியை, கிணற்றை, படலையில் நின்று கூப்பிடுவதை எல்லாம் சொன்னேன். கேட்டு முடிந்ததும் தொப்பிக்காரி தன் நீளப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து, பாதையோரம் பாசி பிடித்த ஒரு பெரிய கல்லைக் காட்டினாள். அவளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பெயரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சின்னம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். நெடுஞ்சாலையில் வாகன நெரிசல் இறுகி, சங்கத்து ஆட்கள் நித்திரையாகி, அங்கிளின் குறட்டை ஒரு தண்ணீர்ப் பம்ப் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் இருவரின் உடுப்பிலும் அந்த மணம். ஸ்காபரோவின் மாடிக் கட்டடங்கள் தெரியத் தொடங்கியபோது நான் சொன்னேன்.

“வின்ரர் முடியட்டும், சின்னம்மா.”

“ஓம்,” என்றார். “மண் இளகட்டும்.”

அவ்வளவுதான் கதைத்தோம். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கதை இருந்தது. யன்னல் ஓரமெல்லாம் தயிர் டப்பாக்களில் மிளகாய் நாற்று. நான் வேலையால் வந்து ஜக்கெற்றைக் கழற்ற முதல் எந்த டப்பாவில் எது தலைகாட்டியது என்று சொல்லுவார். அந்த நாற்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற சின்னம்மாவை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் விடப்போகிறோம் என்று தெரிந்த பிறகு அந்த ஆளோடு இருப்பது எவ்வளவு நிறைவாக இருக்கிறது. பயம் போய்விட்டது என்று இல்லை. லின்ட்சே ஆஸ்பத்திரி எந்தச் சந்தியில் என்று பார்த்து வைத்தேன். கூட்டாளியின் மருமகளோடு மருந்துகளைப் பற்றிப் பேசினேன்.

மண் இளகியது. ஒரு சனிக்கிழமை, பின்சீற் முழுக்க நாற்றுடன், இரண்டு பேரும் கிழக்கே போனோம். வீடுகள் குறைந்து, வயல்கள் அகன்று, உழுத கருமண் இரண்டு பக்கமும் விரிந்தபோது சின்னம்மா யன்னலை இறக்கச் சொன்னார். குளிர் காற்று. எருவின் நாற்றம். அவர் அதைப் புதுத் துணியை மணந்து பார்க்கிற மாதிரி மணந்தார்.

கூட்டாளி வாசல் படலையில் நின்றார். கம்பளித் தொப்பியும், சேற்றுச் சப்பாத்தும், மகனின் சேட்டும். சின்னம்மா தடியோடு இறங்குவதை மேலும் கீழும் பார்த்தார்.

“எடியே, உழவுக்கு ஆள் வரும் எண்டெல்லோ பாத்துக்கொண்டு நிக்கிறன். நீ மூண்டு காலிலை வாறாய்.”

“மூண்டும் நல்ல கால்தான்,” என்றார் சின்னம்மா. “உன்ரை ரெண்டையும் காட்டு பாப்பம்.”

அவர்கள் கட்டிப்பிடிக்கவில்லை. கூட்டாளி நாற்று டப்பாக்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சின்னம்மா கூடாரத்தின் பொலித்தீனைத் தட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு முதலே அவர்கள் ஒரு பாத்தியின் நீளத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தேவைப்பட்ட கையாளாக நான் எரு சுமந்தேன். முதுகு முறிந்தது. மனம் ஏனோ லேசாக இருந்தது. எனக்காக அவர் தோய்த்த வெள்ளைச் சட்டையை ஒருமுறையாவது நான் திருப்பித் தோய்த்துக் காயப் போட்ட மாதிரி.

வெயில் சாயும்போது புறப்பட்டேன். சின்னம்மா படலைவரை வந்தார். கையில் மண். அதனால் என் கன்னத்தைத் தொடாமல், புறங்கையால் தலையை ஒருமுறை தள்ளினார். அடுத்த சனி வாறன் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேலியோரம் துளிர்த்திருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காரிலை ஏற முதல் ஒரு குழை முறிச்சுப் போட்டிட்டுப் போ பிள்ளை. இஞ்சத்தை ஆள் ஆரெண்டு நான் இன்னும் விசாரிக்கேல்லை. ஆரெண்டாலும், நாங்கள் வந்திருக்கிறம் எண்டு சொல்லிப்போட்டுப் போ.”